மூன்று டைமண்டுக்கு என்ன அர்த்தம்

"மூணு டைமண்டுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று அபிநயா கேட்டாள். கேள்வி சிகாமணிக்கு. பிரிட்ஜ் ஆட்டத்தில் ஒருவர் சொன்ன ஏலத்துக்கு அவருடைய ஜோடிதான் அர்த்தம் சொல்ல வேண்டும், சொன்னவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். மனைவி சொன்னதற்குப் புருஷன் அர்த்தம் சொல்லலாம், அவள் குறுக்கே பேச முடியாது என்ற ஒரே காரணத்துக்காகவே இந்த ஆட்டத்தில் சேர்ந்தேன் என்று சிகாமணி ஈரோட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் சுலோச்சனாவைப் பார்க்காமல், மேஜையில் அவள் ஏலமாக வைத்திருந்த மூன்று டைமண்ட் அட்டையைப் பார்த்தபடி, "ஹார்ட் நாலு, டைமண்ட் அஞ்சு இருக்குதுங்க. ஸ்பேட் மூணு. கிளப்புல ஒத்தச் சீட்டு" என்றார். அபிநயா தலையாட்டினாள். அவளுடைய ஜோடி பாஸ் அட்டையை வைத்தார். சுலோச்சனா தன் கையிலிருந்த பதின்மூன்று சீட்டுகளையும் மறுபடி விரித்துப் பார்த்தாள், ஏதோ அவர் சொன்னதற்கு ஏற்ப அவை மாறியிருக்குமோ என்பதுபோல. மாறவில்லை. ஹார்ட் நாலு, சரி. டைமண்ட் ஐந்து, சரி. ஒற்றைச் சீட்டு ஸ்பேடில்தான் இருந்தது, அந்த அற்பமான மூன்றாம் நம்பர். கிளப்பில் மூன்று சீட்டுகள், ராணியோடு.

முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. முதலில் அதைத்தான் நினைத்தாள். ஜோடி சொல்லும் விளக்கம் காதில் விழலாம், ஆனால் விழாத மாதிரியே அடுத்ததைச் சொல்ல வேண்டும். பெரிய போட்டிகளில் நடுவே திரை கட்டி ஜோடிகளைப் பிரித்துவிடுவார்கள், கோயமுத்தூரில் இந்தச் சீட்டாட்டக் கிளப்பின் மாடி ஹாலில் திரைக்கு எங்கே போவது, நாலு பேர் நாணயம்தான் திரை. மூச்சை மெதுவாக விட்டாள். மின்விசிறி ஒரு பக்கமாகத் தள்ளாடிச் சுற்றியது. இத்தனை வருஷத்தில் இவர் மறந்ததே இல்லையே என்று நினைத்தவள் உடனே, இல்லை, இப்போதெல்லாம் மறக்கிறார், அதுதானே விஷயம், இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தாள். வீட்டில் மறக்கட்டும், கடையில் மறக்கட்டும், இந்த மேஜையில் அவர் மறக்க மாட்டார் என்று நம்பித்தான் இந்த மாநிலப் போட்டிக்கே பேர் கொடுத்தாள். டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம், இறுதி ஆட்டம் வரை தப்பில்லாமல் ஆடிவிட்டார் என்றால் எல்லாம் வீண் பயம் என்று டாக்டரிடமே சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு. இறுதி ஆட்டத்துக்கும் வந்தாயிற்று. காலையில் முதல் பாதி இதே ஜோடியோடுதான், இந்த அபிநயா, அவளுக்கு எதிரே அந்தப் பேசாத மனுஷன் கிருபாகரன். மதியம் இரண்டாம் பாதி. இது கடைசிச் சீட்டுக்கட்டு. கடைசிக் கட்டில்தானா வர வேண்டும்.

அவர்கள் ஆடுவது ரிலே முறை. பலமான கை யாரிடம் இருக்கிறதோ அவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். பேச முடியாதே, எப்படிக் கேட்பது? அடுத்துச் சொல்லக்கூடிய ஆகச் சின்ன ஏலம் எதுவோ அதை வைத்தால் "ம், மேலே சொல்" என்று அர்த்தம், அவ்வளவுதான், அந்த வகைச் சீட்டு கையில் இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பதில் சொல்பவருக்கும் அப்படியே. சாத்தியமான கைகளை இருவரும் முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். முதல் சாத்தியத்துக்கு முதல் படி, அடுத்ததற்கு அடுத்த படி. மூன்று டைமண்ட் என்றால் டைமண்ட் இல்லை, வரிசையில் முதல் ஆள் என்று அர்த்தம். அந்த முதல் ஆள் யார் என்பதில் இருவருக்கும் ஒரே ஞாபகம் இருக்க வேண்டும். ஒரு படி மாறினால் அவர் மனதில் இருப்பது வேறொருத்தியின் கை. சுலோச்சனா கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள், வரிசை என்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை, சமையலறை டப்பாக்களைக்கூட வரிசை மாற்றினால் கோபம் வரும். கேட்பவர் தன் கையைப் பற்றி மூச்சு விட மாட்டார். பதில் சொல்பவர் ஒன்றுவிடாமல் கொட்டிவிடுவார். கடைசியில் கேட்டவருக்கு இரண்டு கையும் தெரியும், சொன்னவருக்குத் தன்னுடையது மட்டும்தான். இந்த முறையில் கள்ளத்தனமாகவோ குத்துமதிப்பாகவோ ஒரு பதில் சொன்னால் கதை முடிந்தது, அதைவிடத் தப்பு கிடையாது. வரிசைப்படி பெரிய வகை முதலில், ஸ்பேடில் குறைச்சல் என்றால் முதல் படி. அப்படித்தான் இத்தனை காலமும். அப்படித்தானே?

சிகாமணி மூன்று ஹார்ட் அட்டையை வைத்தார். மேலே சொல். அவர் விரல் அட்டையை ஒழுங்காக மற்ற அட்டைகளோடு சேர்த்து அடுக்கியது, நடுக்கமில்லை, சந்தேகமில்லை. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மறந்தவருக்கு மறந்தது தெரியாது. பால் அன்றைக்கு அடிப்பிடித்துக் கரிந்து வீடு முழுக்கப் புகை, அவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார், பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "நான்தான் வச்சுட்டு மறந்துட்டேன் சுலோ" என்றார், ஒரு வருத்தமும் இல்லாமல், என்னமோ சட்டைப் பொத்தான் அறுந்ததைச் சொல்வதுபோல. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து மொட்டைமாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டபோதும் "நான்தானுங்க, மன்னிச்சுக்கங்க." கொழுந்தன் மகள் கல்யாண வரவேற்புக்குப் பட்டும் வேட்டியுமாகப் போய் இறங்கினால் மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வரவேற்பு மறுநாள். பந்தல்காரர்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். "தேதியை நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் இவரை டாக்டரிடம் காட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தாள். நான்கு கிளப் அட்டையை எடுத்து வைத்தாள். ஏஸ், ராஜா எத்தனை என்பதற்கு அது பதில். கை சரியாகத்தான் எடுத்தது. அவர் அபத்தமாக எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் வரிசையைப் பிசகாமல் சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைத்துக்கொண்டே அட்டையின் ஓரத்தை நேராக்கினாள். சட்டம் அப்படி. காது கேட்டதை மனசு கேட்கக் கூடாது.

நான்கு டைமண்ட், மேலே சொல். அதெல்லாம் போகட்டும், அந்தக் கேள்விகள்தான் அவளை அரித்தன. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது திடீரென்று, "இன்னைக்கு என்ன கிழமை சுலோ?" சாப்பிட்டு எழும்போது, "நேத்து ராத்திரி என்ன டிபன் சாப்பிட்டோம்?" ஒரு நாள், "போன வாரம் நம்ம வீட்டுக்கு வந்தாரே, அவரு யாரு?" பாவம், ஒன்று போனால் ஒன்று போகிறதே என்று அவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். வியாழன். தோசை. யார் வந்தது என்பது சட்டென்று நினைவுக்கு வராவிட்டாலும், "உங்க மில் ராசப்பன்தான்" என்று அடித்துவிடுவாள், மறதிக்காரரிடம் போய் நானும் யோசிக்கிறேன் என்றால் அவர் இன்னும் கலங்கிப்போவாரே. "ஆமா, ஆமா" என்பார். சின்னச் சின்னக் கேள்வி, வெறுமனே, எதையோ பேசுவதுபோல. பதில் கிடைத்ததும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன் என்றபோது எகிறுவார் என்று நினைத்தாள். எகிறவில்லை. "சரி, போலாம். போறதுதான் போறோம், ரெண்டு பேருமே காட்டிக்கலாம்" என்றார். தனியாகப் போகப் பயம் போலிருக்கிறது என்று அவள் அதற்கும் இரக்கப்பட்டாள். நான்கு ஸ்பேட் வைத்தாள். இப்போது ஏஸ் எந்தப் பக்கம் என்பதுவரை அவருக்குத் தெரியும், எல்லாம் தெரியும், ஒரே ஒரு விஷயம் மட்டும் தலைகீழாக.

சிகாமணி யோசித்தார். கண்ணாடி கீழே இறங்கியது. அவர் யோசிக்கும்போது கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார், கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பிடிக்கும், பிறகு பிடிக்காது, இப்போது அது அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காதீங்க, போதும், ஐந்தில் நிறுத்துங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினாள், கெஞ்சுவதும் சட்டவிரோதம் என்று தோன்றியது. அவர் ஆறு ஹார்ட் வைத்தார். ஹார்ட் துருப்பு, பதின்மூன்று சுற்றில் பன்னிரண்டு பிடி எடுப்பேன், ஒன்றே ஒன்றுதான் தரலாம். அபிநயா பாஸ். சுலோச்சனா பாஸ். கிருபாகரன் ஒரு பெருமூச்சோடு பாஸ். ஏலம் முடிந்தது. ஹார்ட்டை முதலில் சொன்னவர் சிகாமணி, அவர்தான் ஆடுவார், அவருக்கு இடப்பக்கம் இருக்கிற அபிநயா முதல் சீட்டைப் போட வேண்டும், பிறகு சுலோச்சனா தன் கையை மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். அவர் இவ்வளவு துணிந்து போகிறார் என்றால் கிளப்பில் அவர் கை சொத்தை என்று அர்த்தம். மனைவியிடம் ஒன்றுதானே இருக்கிறது, ஒரு பிடி போனால் போகிறது என்று கணக்கு. இங்கே மூன்று இருக்கிறது. அபிநயா கிளப்பைப் போட்டால் இரண்டு பிடி உடனே போய்விடும், தோல்வி. ஆனால் அவள் ஏன் கிளப் போடப் போகிறாள்? மேஜையில் ஒற்றைக் கிளப்தான் வரும் என்று அல்லவா அவளிடம் சொல்லியிருக்கிறது. ஸ்பேடைத்தான் போடுவாள். போட்டால், துருப்பை வாங்கிவிட்டு, டைமண்ட் ஐந்தையும் ஓட்டி, அவர் கையிலிருக்கும் கிளப்பையெல்லாம் அதில் கழித்துவிடலாம். ஜெயம்.

இங்கேதான் அவள் மனது மாட்டிக்கொண்டது. அவர் தப்பாக விளக்கியிருந்தால், முதல் சீட்டு விழுவதற்குள் போட்டியின் நடுவரான டைரக்டரைக் கூப்பிட்டு, என் ஜோடி சொன்னது தப்பு, எங்கள் ஏற்பாடு இதுவல்ல என்று அவளே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்தால் அது ஏமாற்று. ஆனால் அவர் விளக்கியது சரியாக இருந்து, அவள்தான் வரிசையை மறந்து தப்பான அட்டையை வைத்திருந்தால், ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எதிராளிக்கு உங்கள் ஏற்பாடு தெரிந்தால் போதும், உங்கள் கை தெரிய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆகவே கேள்வி ஒன்றுதான், மறந்தது யார். வரிசையை மாற்றுவது பற்றி ஒரு பேச்சு நடந்தது, அது அவளுக்கு நினைவிருக்கிறது. பெருந்துறை தாண்டி டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். தூறல். கண்ணாடிக் கிளாஸ், ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். சின்ன வகையில் குறைச்சல் வருகிற கையை முதல் படியில் வைத்தால் இடம் மிச்சமாகும் என்று ஒரு யோசனை, கிளப் முதலில், ஸ்பேட் கடைசியில். அப்போது ஒரு வைக்கோல் லாரி பள்ளத்தில் இறங்கிச் சேற்றை வாரியடித்து, அவர் பேன்ட் முழுக்க. கடைக்காரர் ஒரு குண்டாவில் தண்ணீர் கொடுத்தார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. நின்றுவிட்டதா? அவள் அந்த டீக்கடையிலிருந்து காரில் ஏறப் பார்த்தாள். வண்டியை யார் ஓட்டியது, கோயமுத்தூர் போனார்களா ஈரோட்டுக்குத் திரும்பினார்களா, காரில் என்ன பேசினார்கள், அங்கே ஒன்றுமில்லை. மறுபடி கிளாஸிலிருந்து ஆரம்பித்தாள். ஏலக்காய், தூறல், லாரி, சேறு. அதற்கப்புறம் கதவு சாத்தியிருந்தது. இது ஒரு பெரிய விஷயமா, எல்லாமா நினைவிருக்கும் யாருக்கும் என்று தன்னைத்தானே அதட்டினாள். பேச்சு முடியவில்லை, அதனால்தான் முடிவும் நினைவில் இல்லை, இல்லாத முடிவு எப்படி நினைவிருக்கும். முப்பது வருஷம் வகுப்பில் அறுபது பிள்ளைகளின் வரிசை எண்ணைப் பார்க்காமல் சொன்னவள் அவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தது யார்? அவர்தானே. தேதியை மாற்றிச் சொன்னது யார்? அவரே ஒப்புக்கொண்டாரே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

அபிநயாவின் விரல் ஒரு சீட்டைப் பாதி உருவியிருந்தது. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், சீட்டு விழுந்துவிடும், கோப்பை வீட்டுக்கு வரும், அவர் மறந்தது யாருக்கும் தெரியாமலே போகும். ஹாலில் பக்கத்து மேஜைகள் முடிந்து ஆட்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் இவருக்கு மறதி வந்துவிட்டது என்று நானே சொல்வதா? முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிற பேச்சா அது? ஆனால் சொல்லாமல் இருந்தால், அதை அவரே பொறுத்துக்கொள்ள மாட்டார், சேலத்தில் ஒரு தடவை எதிராளி கவனிக்காத தன் தப்பைத் தானே சொல்லி ஆட்டத்தைத் தோற்றவர். அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு சின்னச் சுகம்கூட இருந்தது, நஷ்டப்பட்டு நேர்மையாக இருப்பவர்களுக்குக் கிடைக்கிற சுகம். "ஒரு நிமிஷம் அபிநயா. சீட்டைப் போட்டுராதீங்க" என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "டைரக்டர்."

எட்வின் வந்தார். நல்ல மனுஷர், எல்லோருக்கும் தெரிந்தவர், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். "சொல்லுங்க மேடம்."

"மூணு டைமண்டுக்கு அவர் சொன்ன விளக்கம் தப்புங்க. எங்க ஏற்பாட்டுப்படி அது ஸ்பேட்ல ஒத்தச் சீட்டு. கிளப்ல மூணு."

சொல்லிவிட்டு சிகாமணியைப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாக நேருக்கு நேர். அவர் தயாராக இருப்பார், கையை ஆட்டி, அதெப்படி என்று ஆரம்பிப்பார், அந்த டீக்கடையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். எட்வினும் அவர் பக்கம் திரும்பி, "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். சிகாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியம் இல்லை அந்த முகத்தில். கோபமும் இல்லை. இந்த இடத்துக்கு ஒரு நாள் வந்து சேருவோம் என்று தெரிந்து, அந்த நாள் வந்துவிட்டதைப் பார்க்கிறவருடைய முகம். கீழ் உதடு உள்ளே போய் வெளியே வந்தது.

"அவங்க சொல்றதுதானுங்க சரி. நான்தான் மறந்துட்டேன்" என்றார்.

சுற்றி நின்றவர்களில் யாரோ "ச்சு" என்றார்கள். எட்வின், "பரவாயில்லீங்க சார், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு, கடைசி பாஸை மாற்றிக்கொள்ள விரும்புகிறாரா என்று கிருபாகரனைக் கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அபிநயா பாதி உருவிய ஸ்பேடை உள்ளே தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்து, ஒரு சின்ன கிளப்பைப் போட்டாள். சுலோச்சனா கையை விரித்தாள். ஹார்ட், டைமண்ட், மூன்று கிளப், தனியாக ஒரு ஸ்பேட். "தேங்க்யூ பார்ட்னர்" என்றார் சிகாமணி, எப்போதும் சொல்வதுபோல, ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே குரலில். கிருபாகரன் ஏஸை வைத்து அடுத்த கிளப்பைத் திருப்பினார், அபிநயா ராஜாவை வைத்தாள், இரண்டு பிடி போயிற்று, அவ்வளவுதான், மீதிப் பதினொன்றும் அவருக்கு. கை விரித்தவள் பேசக் கூடாது, சீட்டைக் கூடச் சுட்டிக்காட்டக் கூடாது. அவர் பெயர் சொல்லும் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டே அவள் அவருக்காக மனம் உருகிக்கொண்டிருந்தாள், எவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார், ஒரு சத்தம் இல்லாமல். ஒரு சத்தம் இல்லாமல் என்பதில் வந்து மனது தட்டியது. ஹார்ட் ஏழு. இந்த மனுஷன் சிஸ்டம் விஷயத்தில் என்றைக்கு ஒரு சத்தம் இல்லாமல் ஒப்புக்கொண்டார்? டைமண்ட் ஒன்பது. நாலாவது படியா ஐந்தாவது படியா என்பதற்கு இன்னொரு தடவை பெருந்துறையிலிருந்து ஈரோடுவரை சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், வீட்டுக்கு வந்தும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று சண்டை போட்டவர். தான் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் விடவே மாட்டார். தான் சொன்னது தப்பு என்று தெரிந்தாலும் ஒரு சுற்றுச் சண்டை போட்டுவிட்டுத்தான் விடுவார். டைமண்ட் எட்டு என்றார். அவள் கை டைமண்ட் ஆறின் மேல் போய், பிறகு எட்டை எடுத்தது.

கடைசிச் சீட்டும் விழுந்தது. ஒரு பிடி குறைச்சல். கிருபாகரன் எழுந்து கை குலுக்கினார். அபிநயா நல்ல பெண், ஜெயித்ததற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, சீட்டுகளைத் தட்டில் செருகியபடி சொன்னாள், "தப்பா நினைக்காதீங்க மேடம், நான் ரொம்பக் குழம்பிட்டேன். காலையில இதே ஏலம் வந்துச்சே, சார் மூணு டைமண்ட் வச்சாரு, நீங்க கேக்கற கை. நான் அர்த்தம் கேட்டப்ப நீங்களே கிளப்ல ஒத்தைன்னுதான் சொன்னீங்க. சார் கையிலயும் கிளப் ஒண்ணுதான் இருந்துச்சு."

"இல்லம்மா, அது வேற ஏலம்" என்றார் சிகாமணி. வேகமாகச் சொன்னார். அவள் முடித்ததும் முடிக்காததுமாகச் சொன்னார்.

காலையில். சுலோச்சனா காலையைத் தேடினாள். இதே ஹால், இதே மின்விசிறி, கண்ணாடித் தம்ளரில் மோர். மூன்று டைமண்டைக் காணோம். தன் குரலைக் காணோம். டீக்கடையில் சாத்தியிருந்த அதே கதவு இங்கேயும் சாத்தியிருந்தது, இன்று காலைக்கும் இப்போதைக்கும் நடுவில். அது வேற ஏலம் என்றாரே, அந்த வேகம், அதை எங்கே கேட்டிருக்கிறாள்? நான்தான் வச்சுட்டு மறந்துட்டேன் சுலோ. நான்தானுங்க, மன்னிச்சுக்கங்க. தேதியை நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறப்பதற்குள். அடுப்படியில் அன்றைக்கு அவர் இல்லை, பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், புகையைப் பார்த்து ஈரக் கையோடு ஓடிவந்தார், பாத்திரத்தைத் தேய்க்கும்போது தோளில் ஒரு ஈரத்துண்டு கிடந்ததை அவள் பார்த்தாள், அப்போதே பார்த்தாள், பார்த்து என்ன செய்தாள். மோட்டார் சுவிட்ச் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்திரிகையைப் பார்த்துத் தேதி சொன்னது அவள், பட்டுப் புடவைக்கு இஸ்திரி போட்டது அவள். இன்னைக்கு என்ன கிழமை சுலோ. நேத்து என்ன டிபன். வந்தாரே, அவரு யாரு. சின்னதிலும் சின்னக் கேள்வி. அதற்குமேல் சின்னதாகக் கேட்க முடியாது. தன் கையைப் பற்றி மூச்சு விடாமல், ஒவ்வொன்றாக, ம், மேலே சொல், மேலே சொல். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் மேல் இரக்கப்பட்டுக்கொண்டு. தெரியாததை அடித்துவிட்டாள். ராசப்பன் என்றாள். வந்தது யார்? ஆமா ஆமா என்று அவர் எழுந்து போனபோது கதவருகே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி நின்றாரே, அப்போது அந்த முகம் எப்படி இருந்திருக்கும். ரெண்டு பேருமே காட்டிக்கலாம் என்றவருக்கு இரண்டு கையும் தெரியும். தெரியாதவள் இவள் ஒருத்திதான்.

பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, பயத்தைவிட அதிகமாக, இத்தனை பேர் முன்னால் அவரை மறதிக்காரர் ஆக்கிவிட்டோமே என்று. அழலாம் என்றால் அபிநயா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சிகாமணி அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி முடித்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுலோச்சனாவின் கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போலாமா சுலோ?" என்றார். பிறகு, எதையோ பேசுவதுபோல, வெறுமனே, "வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துனோம்?" என்று கேட்டார்.

கிளப்புக்கு முன்னால் ஒரு வேப்பமரம் உண்டு, எப்போதும் அதற்கடியில்தான் நிறுத்துவார்கள். மரத்தடியில் என்று வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் ஆமா என்பார். ஆமா ஆமா என்று அவளைக் கூட்டிக்கொண்டு வேறெங்கோ நிற்கிற வண்டிக்கு நடப்பார். அவள் இன்று காலைக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். மரம் இருந்தது, பழைய நாட்களின் மரம். வண்டி இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றாள் சுலோச்சனா, அபிநயாவுக்கும் கேட்கும்படி. அவர் அவசரமாக வாயைத் திறந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்னு சொல்லாதீங்க. டைரக்டரைக் கூப்பிடுங்க, நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டு வர்றேன். அப்புறமா வண்டி எங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க."